நாற்பத்தொரு அண்ணன்மார்

04.07.1962, புதன்

இன்றைக்கும் மண்வெட்டியைப் பறித்துவிட்டார்கள்.

கத்தரிப் பாத்தி போடுகிற பயிற்சி. ஆளுக்கொரு துண்டு நிலம். நான் நாலு கொத்துக் கொத்தியிருக்க மாட்டேன், யோகநாதன் வந்து நிற்கிறான். அக்கராயன் ஊர்க்காரன், வகுப்பில் எல்லாரிலும் உயரம். "விடுங்கோ தங்கச்சி, உங்களுக்கேன் உந்தக் கஷ்டம்? நான் கொத்திவிடுறன்." வேண்டாம் என்றேன். "அண்ணன் ஒருத்தன் நிக்கேக்கை தங்கச்சி கொத்துறதோ?" என்று கையிலிருந்து வாங்கியேவிட்டான். பக்கத்துத் துண்டில் ஸக்கியாவின் மண்வெட்டியும் போயிற்று. பத்மாசனி தானாகவே கொடுத்துவிட்டு நிழலுக்குப் போனாள்.

பயிற்சி ஐயா வந்து என் பாத்தியைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். "நல்ல நேரான பாத்தி. ஆர் பிள்ளை கொத்தினது?" பெடியன்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குப் பத்துக்கு மூன்று. யோகநாதனுக்கு ஒன்பது. அவனோ பெரிய உபகாரம் செய்த முகத்தோடு வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான். நான் நன்றி வேறு சொல்ல வேண்டுமாம். கண்டறியாத உபகாரம்!

அம்மா மீன் கருவாடு போட்டுச் சேர்த்த காசில் நான் இந்த விவசாயக் கல்லூரிக்கு வந்திருக்கிறேன். முல்லைத்தீவுக் கடற்கரையில் வலை இழுத்த கை இது. ஒரு மண்வெட்டி தூக்க ஏலாதோ?

09.07.1962, திங்கள்

வகுப்பில் பெண்பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர்தான்; எங்களுக்கு முன் வாங்குப் பலகை. அதற்குப் பின்னால் ஒரு வாங்கு ஆறு மாதமாக வெறுமையாகக் கிடக்கிறது. யாரும் உத்தரவு போடவில்லை. மூன்று பேர் இருக்கிற வாங்கில் பெடியன்கள் நாலு பேராய் நெருக்குப்பட்டாலும் படுவார்கள், அதில் மட்டும் இருக்க மாட்டார்கள். மாசி மாதம் ஒருவன் பிந்தி வந்து தெரியாமல் இருந்துவிட்டான். பின்னால் இருந்து ஒரே கூச்சல், "மாப்பிள்ளை வாங்கு! மாப்பிள்ளை வாங்கு!" அந்தப் பாவி எழும்பி ஓடினவன், இன்னும் எங்கள் பக்கம் திரும்புவதில்லை.

இந்த ஆறு மாதத்தில் ஒரு பெடியன் வாயிலிருந்தும் என் பெயர் வரவில்லை. றோசம்மா. அப்படி ஒன்றும் வாயில் நுழையாத பெயரில்லையே? எல்லாருக்கும் நான் தங்கச்சி. என்னைவிட இரண்டு வயது இளையவனுக்கும் தங்கச்சி. பெயரைச் சொன்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தமாம், தங்கச்சி என்றால் ஒன்றுமில்லையாம். நானும் பதிலுக்கு அண்ணா என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தலைக்கனம் பிடித்தவள்.

கெட்ட பெடியன்கள் இல்லை. அதுதான் கரைச்சலே. எங்களைக் கண்டால் தூஷணம் பேசுகிறவன் வாயை மூடுகிறான். பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் குளிப்புக்கு மணி அடித்தால், கிணற்றுக்குப் பக்கத்தில் விளையாடுகிற கரப்பந்தை அப்படியே நிறுத்திவிட்டு ஒரு மணித்தியாலம் தூரப் போய் நிற்கிறார்கள். முணுமுணுப்பதில்லை. ஆனால் அவர்கள் காத்துக்கொண்டு நிற்கிறது எங்களுக்குத் தெரியும். இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு ஓடி வருகிறோம். ஆறு மாதமாக நான் ஆறுதலாகத் தலை முழுகவில்லை.

10.07.1962

ஸக்கியா சொல்கிறாள், "உனக்கு நல்லது செய்தாலும் கோவம், செய்யாட்டிலும் கோவம்." ஓம், கோவம்தான்.

23.07.1962, திங்கள்

குளத்து மதகுத் துருசின் சுவரில் யாரோ ஒருவன் கரியால் பத்மாசனியின் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு பெடியனின் பெயரையும் எழுதிவைத்திருக்கிறான். காலையில் மதகடிக்குப் போன இரண்டு மூன்று பேர்தான் கண்டது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் துடைத்திருந்தால் சரி. ஆனால் அண்ணன்மாருக்கு அது போதாதே!

யோகநாதன் பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். சாப்பாட்டு மண்டபத்தில் ஒவ்வொருவன் கையையும் விரிக்கச் சொல்லிக் கரி இருக்கிறதோ என்று பார்த்தார்கள். பின்னேரம் ஒருவனில் சந்தேகம் வந்து, அவன் ஓட, இவர்கள் துரத்த, சந்தித் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் வைத்து அடித்திருக்கிறார்கள். "எங்கட தங்கச்சி பத்மாசனியின்ர பேரை எழுதுவியோடா?" அடிக்கு அடி அவள் பெயர். கடையில் நின்ற சனம், பஸ்ஸில் இருந்த சனம், கொண்டக்டர், எல்லாருக்கும் இப்போது பத்மாசனி யார் என்று தெரியும்.

எழுதினவன் ஒருவன். ஊருக்குச் சொன்னது பன்னிரண்டு பேர். இதை யோகநாதனுக்கு முகத்துக்கு நேரே சொன்னேன். "உங்களை ஆரும் அண்ணன் இல்லாத பிள்ளையள் எண்டு நினைக்கப்படாது, தங்கச்சி" என்றான். அவனுக்கு விளங்கவே இல்லை. கண் கலங்கி நின்றான், விசரன்.

27.07.1962, வெள்ளி

பத்மாசனியின் தகப்பனார் பூவரசங்குளத்திலிருந்து வாடகைக் கார் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் யாரிடமும் சத்தம் போடவில்லை. "என்ன நடந்ததெண்டு எனக்குத் தேவையில்லை. பஸ்ஸுக்கை கதைக்கினம். படிச்சது காணும், போதும்" என்றார். பத்மாசனி அழுத அழுகையில் கொப்பிகளைக்கூட எடுக்கவில்லை.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்தது யார்? யோகநாதன். "ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ தங்கச்சி, அண்ணன்மார் நாங்கள் இருக்கிறம்." தகப்பனார் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

02.08.1962, வியாழன்

அதிபர் கதிர்காமநாதன் ஐயா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். விடுதியைப் பார்க்கிற மேற்றனும் கூட நின்றா.

"பிள்ளையள், மேலிடத்து ஒழுங்கு ஒண்டு இருக்கு. ஒரு தனிப் பெண்பிள்ளையை விடுதியிலை வைச்சிருக்க ஏலாது. குறைஞ்சது ரண்டு பேர் வேணும். இப்ப ரண்டு பேர்தான் இருக்கிறியள்." அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தை மேற்றன் படியில் இறங்கும்போது சொன்னா, "ஒராள் போனால் மற்றவாவும் போகவேணும். விளங்குதோ?"

விளங்குகிறது. முல்லைத்தீவிலிருந்து தினம் வந்துபோக முடியாது. வெளியே வாடகைக்கு ஒரு குமர்ப் பிள்ளையை வைத்திருக்க இங்கே யாரும் இல்லை. விடுதி இல்லை என்றால் படிப்பும் இல்லை. என்னுடைய உத்தியோகம் ஸக்கியாவின் கையில். அவளுடையது என் கையில்.

05.08.1962

ஸக்கியா இரண்டு தரம் தும்மினாள். எழும்பிப் போய் மல்லித் தண்ணி அவித்துக் கொடுத்தேன். அன்பு என்று நினைத்திருப்பாள். பாதி அன்பு.

18.09.1962, செவ்வாய்

மாரி நெல்லுக்குக் காலபோக உழவு தொடங்கிவிட்டது. பெடியன்களுக்குக் கலப்பை, எங்களுக்குக் கோழிக்கூடு. முட்டை துடைத்துத் துடைத்துக் கை வெளிறிவிட்டது. வருகிற வருஷச் சோதனையில் உழவுக்குப் புள்ளி இருக்கிறது ஐயா, நாங்கள் எப்போது பழகுகிறது என்று கேட்டேன். பயிற்சி ஐயா தலையைச் சொறிந்தார். "நாப்பது பெடியள் பாத்துக்கொண்டு நிக்க நீங்கள் சேலையைச் சொருகிக்கொண்டு மாட்டுக்குப் பின்னாலை போறதோ? பத்துப் பிள்ளையள் இருந்தால் ஒரு நாளைப் புறம்பா ஒதுக்கலாம். ரண்டு பேருக்கு என்னெண்டு?"

பத்துப் பேர் இருந்தால் எல்லாம் நடக்குமாம். தனிக் கிணறு, தனி உழவு, தனி நாள். பத்துப் பேர் எங்கிருந்து வருவார்கள், ஒன்றும் இல்லாத இடத்துக்கு?

14.10.1962, ஞாயிறு

கோயிலுக்குப் போய்த் திரும்பி வருகிறேன், ஸக்கியா கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். என்னடி என்றால் சிரிக்கிறாள், பிறகு அழுகிறாள். கடைசியில் வந்தது கதை.

அவளுடைய மாமா மகன் மஸாஹிருக்கு அவளைப் பேசுகிறார்கள். சின்ன வயதிலிருந்தே தெரிந்தவன். வயலும் இருக்கிறது, நெல் வியாபாரமும் இருக்கிறது. இந்த வருஷம் முடிவதற்குள் கலியாணம் வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று மாமி நிற்கிறாவாம். ஸக்கியாவின் வாப்பா பக்கீர் படிப்பு முடியட்டும் என்கிறார். மகள் உத்தியோகம் பார்க்கப் போகிறாள் என்று தன் கடைக்கு வருகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லிவைத்திருக்கிற மனிதர்.

"உனக்கு அவனிலை விருப்பமோ?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு அவரைத் தவிர வேறை ஆரையும் தெரியாது, றோசா" என்றாள். "வாப்பாட்டை இதை நான் எப்பிடிச் சொல்லுறது? நான் போனால் உன்ர இடமும்..."

அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சந்தோஷம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "போ. போய் அடுப்பூது. நானும் வலைக்குள்ளை போய் விழுறன்." கதவை அடித்துச் சாத்திவிட்டுக் கோழிக்கூட்டடியில் போய் நின்று அழுதேன். மாதாவே, என்ன வாய் இது எனக்கு!

15.10.1962

ஸக்கியா என் தலையை இழுத்துப் பின்னிவிட்டாள். நோகப் பின்னினாள். சரியாகிவிட்டது.

04.11.1962, ஞாயிறு

பக்கீர் வாப்பா வந்திருந்தார். ஸக்கியாவுக்குப் பேரீச்சம்பழம், எனக்கும் ஒரு பொதி. அவள் தேத்தண்ணி கொண்டுவரக் குசினிக்குப் போன நேரம், கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"மகள், நீங்கள் இவளோடை ஒண்டாக் கிடக்கிற பிள்ளை. இவள் என்னட்டை வாயைத் துறக்கமாட்டாள். கலியாணக் கதை வந்திருக்கு. படிப்பு முடியட்டும் எண்டு நான் அவையளுக்கு மறுமொழி சொல்லிப்போடட்டோ? நீங்கள் என்ன சொல்லுறியள்?"

ஓம் எண்டு ஒரு சொல்லு. அவ்வளவுதான். அந்த மனிசன் அதைக் கேக்கத்தான் வந்திருக்கிறார், முகத்திலையே தெரியுது. ஓம் எண்டால் இன்னும் ஒரு வருஷம் எனக்கு. சோதினை, உத்தியோகம், அம்மா கருவாடு போடுறதை விடலாம். ஸக்கியாவும் என்னைக் குறை சொல்லமாட்டாள், அவளுக்குத் தெரியவும் வராது. மஸாஹிர் ஒருவேளை பொறுத்திருப்பான். பொறுக்காட்டில்?

குசினியில் அவள் கோப்பை கழுவுகிற சத்தம் கேட்டது.

"அவவுக்கு விருப்பம், வாப்பா" என்றேன். "கலியாணத்துக்கு விருப்பம்."

அவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். "அப்ப படிப்பு?"

"அதுக்கும் விருப்பம். ரண்டையும் தர இஞ்சை ஒழுங்கு இல்லை. கலியாணம் முடிச்ச பிள்ளையை இஞ்சை வைச்சிருக்கமாட்டினம்."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, திரும்பவும் போட்டுக்கொண்டார். போகும்போது என் தலையில் கையை வைத்தார். நான் என்ன செய்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியாது. ஸக்கியாவுக்குத் தெரியும். வந்து கட்டிப்பிடித்தாள், நான் தள்ளிவிட்டேன், திரும்பவும் கட்டிப்பிடித்தாள்.

12.11.1962, திங்கள்

அதிபரிடம் போய் நானே சொன்னேன். ஸக்கியா இந்தத் தவணையோடு நிற்கிறாள்.

அவர் நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துக் கதைத்தார். வருகிற தை ஏழாம் திகதி புதிய தொகுதி தொடங்குகிறது. அதில் ஒரு பெண்பிள்ளை சேர்ந்தால் விடுதி திறந்திருக்கும், நானும் இருக்கலாம். இதுவரை வந்த விண்ணப்பங்களில் பெண்கள் ஒருவரும் இல்லை. கண்டிப் பக்கத்தில் பெண்களுக்கென்று ஒரு பாடசாலை இருக்கிறதாம், எழுதிப் பார்க்கட்டுமா என்றார். அங்கே படிப்பு சிங்களத்தில். எனக்கு மீன் விலை பேசத் தெரிந்த சிங்களம்தான் தெரியும்.

"ஏன் ஐயா ஒருத்தரும் விண்ணப்பிக்கேல்லை?"

"பத்மாசனியின்ர கதை பரவியிருக்குப் பிள்ளை."

30.11.1962, வெள்ளி

மாணவர் மன்ற விவாதம். இந்த வருஷத்துக் கடைசிக் கூட்டம். தலைப்பு, பெண்களுக்கு விவசாயக் கல்வி தேவையா? ஸக்கியாவுக்கும் எனக்கும் பிரியாவிடை என்றும் சொல்லிக்கொண்டார்கள். போகிறவள் போகிறாள், எனக்கும் சேர்த்து வடை சுட்டுவிட்டார்கள்.

தேவை என்ற பக்கத்துக்கு யோகநாதன் தலைவன். நன்றாகத்தான் பேசுவான். பெண்ணைத் தெய்வம் என்றான், பூமாதேவி என்றான். எங்கள் இரு தங்கைகளும் இந்தக் கல்லூரியின் விளக்குகள் என்றான். ஒரே கைதட்டு. தேவையில்லை என்று பேச வந்தவர்களும் வெட்கப்பட்டுப் பாதியில் கட்சி மாறிவிட்டார்கள். முடிவில் அதிபர், பெண்கள் சார்பில் ஒரு வார்த்தை என்று என்னைப் பார்த்தார்.

நான் ஒன்றும் எழுதி வைத்திருக்கவில்லை. எழும்பினேன். கோபம்தான் பேச வைத்தது.

"நீங்கள் எல்லாரும் எங்களைத் தங்கச்சி எண்டு கூப்பிடுறியள். நல்லது. உங்களிலை எத்தினை பேருக்குச் சொந்தத் தங்கச்சி இருக்கு?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு நிறையப் பேர் கையைத் தூக்கினார்கள். "வாற தையிலை இஞ்சை ஒரு பெண்பிள்ளை சேராட்டில் விடுதியைப் பூட்டுவினம். நான் வீட்டை போகவேணும். உங்களிலை ஆர் உங்கட தங்கச்சியை இஞ்சை படிக்க அனுப்புவியள்? அவை மட்டும் கையை வைச்சிருங்கோ."

கைகள் இறங்கிவிட்டன. எல்லாம். ஒருவன் இறக்கியதோடு நிற்காமல் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டான்.

யோகநாதனைப் பார்த்தேன். அவன் மேசையில் கிடந்த வடைத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். "உங்களுக்கு ஒரு தங்கச்சி இருக்கெல்லே? எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிப்போட்டு வீட்டிலை நிக்கிறா எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள்."

"அது... வீட்டிலை விடமாட்டினம், தங்கச்சி."

"நீங்கள் விடுவியளோ?"

வடைத் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு மெதுவாக, "உவங்களுக்கு நடுவிலை எப்பிடி..." என்று தொடங்கி நிறுத்திவிட்டான். உவங்களுக்கு! அந்த உவங்களில் அவனும் ஒருவன் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். முகம் கறுத்துப்போயிற்று.

நான் இருந்துவிட்டேன். நாற்பத்தொரு அண்ணன்மார். ஒரு கை இல்லை.

01.12.1962

பெட்டியைப் பூட்டி மேற்றனின் அறையில் வைத்தேன். தையில் வந்து எடுக்கிறேன் என்று சொன்னேன். ஏன் இப்போதே எடுத்துக்கொண்டு போகவில்லை? தெரியவில்லை.

16.12.1962, ஞாயிறு

ஸக்கியாவின் கலியாணம். பெண்கள் பக்கத்தில் இருந்து வட்டிலப்பம் சாப்பிட்டேன். சிவப்புச் சேலையில் வடிவென்றால் அப்படி ஒரு வடிவு. மஸாஹிரைத் தூரத்தில் கண்டேன். மெலிந்த ஆள், சிரித்தபடியே திரிகிறான். பொறாமைப்பட ஒன்றும் இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் வரும்போதுதான் தை ஏழாம் திகதி ஞாபகம் வந்தது.

28.12.1962, வெள்ளி

சும்மா இருக்க மனம் வரவில்லை. கன்னியர் மடத்துச் சிஸ்டரைக் கேட்டு, சோதனை பாஸ் பண்ணிவிட்டு வீட்டில் நிற்கிற பிள்ளைகளின் வீடுகளுக்குப் போனேன். நாலு வீடு. பிள்ளைகளுக்கு ஆசை. தாய்மாருக்குப் பயம்.

இராசாத்தி அக்கா வலை பொத்திக்கொண்டே நேராகச் சொன்னா, "உன்னிலை குறை சொல்லேல்லைப் பிள்ளை. பத்துப் பேர் போறதெண்டால் பதினோராவதா என்ர பிள்ளையையும் விடுவன். முதல் ஆளா விட ஏலாது." மற்ற மூன்று வீட்டிலும் வேறு வேறு வாயால் இதே கதை. பதினோராவது ஆளாக அனுப்ப ஊர் முழுக்க ஆயத்தம்.

அம்மா கருவாட்டைப் புரட்டிவிட்டு வந்து பக்கத்தில் இருந்தா. "வீட்டிலை நிண்டால் என்ன, ஒரு பள்ளிக்கூடத்திலை ரீச்சர் வேலை பாப்பம்" என்றா. பார்ப்போம் அம்மா.

06.01.1963, ஞாயிறு

பெட்டியை எடுக்க வந்தேன். விடுதிக் கதவில் பூட்டு. மேற்றன் திறந்துவிட்டா, இரவு தங்கிவிட்டுக் காலைப் பஸ்ஸில் போகலாம் என்றா. மூன்று கட்டிலும் மெத்தை சுருட்டி வைத்திருக்கிறது. பத்மாசனியின் கொப்பி ஒன்று இன்னும் யன்னலில். பெட்டிக்கு மேலே இருந்துகொண்டு ஒரு பாட்டம் அழுது முடித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுகிறது?

பின்னேரம் கிளிநொச்சிப் பஸ் வந்தது. பெடியன்கள் ஒவ்வொருவராய் இறங்கினார்கள். யோகநாதன் இறங்கினான். பின்னால் ஒரு பிள்ளை, நெடுவல், அவனைப் போலவே மூக்கு. தகரப் பெட்டியைத் தானே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடக்கிறாள். அவன் வெறுங்கையோடு பின்னால் வருகிறான், யாரோ அடித்துவிட்ட மாதிரி முகம்.

"நீங்களோ றோசம்மா அக்கா? நான் நாகேஸ்வரி" என்றாள். "அண்ணை வீட்டை வந்து, 'ஒரு பெட்டை சபையிலை இப்பிடிக் கேட்டுப்போட்டாள்' எண்டு சொல்லிச் சொல்லிக் குதிச்சார். நான் கேட்டன், 'நீங்கள் ஏன் கையைத் தூக்கேல்லை?' எண்டு. மறுமொழி இல்லை. 'உங்களுக்கு நடுவிலை நான் இருக்கக் கூடாதெண்டால், நீங்கள் அங்கை என்ன செய்யிறனீங்கள்?' எண்டு கேட்டன். அதுக்கும் இல்லை. அதோடை நான் அவரோடை கதைக்கிறதை விட்டிட்டன். சோறு போட்டு வைப்பன், கதைக்கமாட்டன். நத்தார்ப் பண்டிகை கழிஞ்சு அவரே அப்புவோடை போய்க் கதைச்சார். அப்பு மாட்டன் எண்டு நிண்டவர். இவர்தான் நிண்டு, 'நான் பொறுப்பு' எண்டவர்."

யோகநாதன் தூரத்தில் நின்று செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான். அதிபர் ஐயா கண்ணாடியைத் துடைத்தபடி நாகேஸ்வரியின் சான்றிதழைப் பார்த்தார். புதிய தொகுதியில் இடம் வெறுமையாகத்தான் கிடந்ததாம். மேற்றன் பூட்டைக் கழற்றித் தன் இடுப்பில் சொருகிக்கொண்டா.

நான் பெட்டியைத் திறந்து சேலைகளைத் திரும்பவும் கொடியில் போட்டேன். இராத்திரி நாகேஸ்வரி நல்ல நித்திரை. இவளும் தும்மாமல் இருக்க வேணும்.

09.01.1963, புதன்

புதிய தொகுதியில் நாகேஸ்வரி ஒருத்திதான். முதல் நாளே அவளுக்குப் பின்னால் ஒரு வாங்கு வெறுமை. எங்கிருந்துதான் பழகுகிறார்களோ! எழும்பித் தன் கொப்பியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த வெறும் வாங்கில் இருந்துவிட்டாளாம். பின்னால் இருந்தவர்களுக்கு என்ன செய்கிறது என்றே தெரியவில்லையாம்.

இன்றைக்குத் தோட்டத்தில் ஒருவன் அவள் மண்வெட்டிக்குக் கையை நீட்டினான். "விடுங்கோ தங்கச்சி..." நான் அடுத்த பாத்தியில் நின்றேன், என் காதால் கேட்டேன்.

"எனக்கு ஒரு அண்ணை இருக்கிறார், அவரே காணும். என்ர பேர் நாகேஸ்வரி."

அந்தப் பெடியன் திரும்பி யோகநாதனைப் பார்த்தான், அண்ணன் வந்து என்ன செய்வானோ என்று. யோகநாதன் ஒரு அடி எடுத்துவைத்தான். எனக்குத் துருசுச் சுவரும் தேத்தண்ணிக் கடை அடியும் ஞாபகம் வந்தன. நின்றுவிட்டான். குனிந்து தன் பாத்தியைக் கொத்தத் தொடங்கினான். அவன் கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. அவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரிந்தது. முதல் தரமாக அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

11.02.1963

எங்கள் வகுப்பில் மாப்பிள்ளை வாங்கில் இன்றைக்கு இரண்டு பேர். யாரும் கூவவில்லை. ஒருவரும் சாகவில்லை.

18.03.1963, திங்கள்

கோடை நெல்லுக்குச் சிறுபோக உழவு. சேலையைச் சொருகிக்கொண்டு வயலில் இறங்கினேன். பயிற்சி ஐயா ஏதோ சொல்ல வாயெடுத்தார், வரம்பில் நாகேஸ்வரி அடுத்ததாக நிற்கிறதைக் கண்டு மூடிக்கொண்டார். நாற்பத்தொரு பேரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கலப்பை பிடிக்கிறது சும்மா வேலை இல்லை. மாடு என்னை இழுத்துக்கொண்டு போகிறது, நான் மாட்டை இழுக்கப் பார்க்கிறேன். நடு வயலில் கலப்பை கையை விட்டுத் துள்ளியது. யோகநாதன் வரம்பிலிருந்து இறங்கினான். கை நீண்டது. வாங்கப் போகிறான் என்று நினைத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு மேழியை இறுக்கிப் பிடித்தேன்.

கையை மடக்கிக்கொண்டான்.

"றோசம்மா, இடப்பக்கத்து மாடு பின்னுக்கு இழுக்குது. கயித்தைக் கொஞ்சம் குறுக்கிப் பிடியும்."

சொல்லிவிட்டு வரம்புக்கு ஏறிவிட்டான். நான் கயிற்றைக் குறுக்கிப் பிடித்தேன். மாடு வந்தது.

முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் உழவுச் சால் பாம்பு போன மாதிரிக் கிடக்கிறது. ஐயா வயல் தலைப்பில் நின்று பார்த்தார். "சரியான கோணல். ஆர் உழுதது?"

"றோசம்மா" என்றான் யோகநாதன். பின்னால் நின்ற இன்னும் மூன்று நாலு பேரும் சொன்னார்கள், "றோசம்மா, ஐயா."

பத்துக்கு நாலு. என்ர நாலு. இரண்டு உள்ளங்கையும் கொப்பளம், பேனை பிடிக்க நோகிறது. நாளைக்கும் உழவாம்.